கிரியாட்டினின் 1.9: அப்பாவின் சுகர் மாத்திரைகளில் எதை வைப்பது, எதை விடுவது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 62. சுகர் வந்து 15 வருடம் ஆகிறது. இதுவரை கிளிமிபிரைடு 2 மி.கி.யும் மெட்ஃபார்மின் 1000 மி.கி.யும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துவந்தார். பிரஷருக்கு டெல்மிசார்டன் 40. போன மாதம் டெஸ்ட் எடுத்ததில் கிரியாட்டினின் 1.9, ஈஜிஎஃப்ஆர் 39, சிறுநீரில் ஆல்புமின் 420 என்று வந்தது. டாக்டர் பழைய சுகர் மாத்திரையை நிறுத்திவிட்டு மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, டபாக்ளிஃப்ளோசின் 10, லினாக்ளிப்டின் 5 என்று மாற்றினார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கிரியாட்டினின் 2.1 ஆகியிருக்கிறது. "சுகர் மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு, எல்லாத்தையும் விடுங்க" என்கிறார்கள் உறவினர்கள். நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். உங்கள் டாக்டர் செய்த மூன்று மாற்றங்களுக்கும் சரியான காரணம் இருக்கிறது. கிரியாட்டினின் என்பது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, கிட்னியின் வேலை குறைந்தால் ரத்தத்தில் அது கூடும். அது 1.9-லிருந்து 2.1 ஆனதும் இந்தச் சூழலில் எதிர்பார்க்கக்கூடியதுதான். அது ஏன் என்று கீழே சொல்கிறேன். நான் பொதுமருத்துவன். தினமும் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் சுகரும் கிட்னிப் பிரச்சினையும் சேர்ந்தவர்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் உறவினர்கள் சொன்னது. மெட்ஃபார்மினோ கிளிமிபிரைடோ கிட்னியைக் கெடுக்கும் மருந்துகள் இல்லை. 15 வருடம் ரத்தத்தில் கூடுதலாக இருந்த சர்க்கரையும், அதோடு சேர்ந்த ரத்தக் கொதிப்பும்தான் சிறுநீரகத்தின் வடிகட்டிகளைக் கெடுக்கின்றன. ஆனால் இந்த நம்பிக்கை ஊரெல்லாம் ஏன் பரவியிருக்கிறது என்பது புரிகிறது. டயாலிசிஸுக்குப் போகும் சுகர் நோயாளி யாரைக் கேட்டாலும் பத்துப் பதினைந்து வருடமாக மாத்திரை சாப்பிட்டவராகத்தான் இருப்பார். நோய் எவ்வளவு காலமோ, மாத்திரையும் அவ்வளவு காலம். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு மாத்திரைதான் தெரிகிறது. உண்மையிலேயே கிட்னியைப் பதம்பார்க்கும் மாத்திரைகள் வேறு. மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் கடையில் நேராக வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகைகள்தான் அவை. அப்பா அவற்றில் ஏதாவது எடுக்கிறாரா என்று இன்றைக்கே கேளுங்கள். சுகர் மாத்திரையை நிறுத்துவதைவிட அதை நிறுத்துவது நூறு மடங்கு பயன் தரும்.

இப்போது ரிப்போர்ட்டில் உள்ள எண்கள். ஈஜிஎஃப்ஆர் என்பது சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்ற கணக்கு. கிரியாட்டினின், வயது, ஆண் பெண் மூன்றையும் வைத்து லேபிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். 60-க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 60-க்கு மேலே இருந்தாலும் ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் மாதக்கணக்கில் போய்க்கொண்டிருந்தால் அதுவும் அந்த நோய்தான். 30 முதல் 44 வரை மூன்றாம் நிலையின் பின்பாதி, அப்பா அங்கே இருக்கிறார். 30-க்குக் கீழே நான்காம் நிலை, 15-க்குக் கீழே ஐந்தாம் நிலை. சிறுநீர் ஆல்புமின் 30-க்குள் இருக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் வடிகட்டி நன்றாகவே ஒழுகுகிறது என்று பொருள். 39-ஐப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், 420-ஐ யாரும் கவனிப்பதில்லை. இந்த நோய் எவ்வளவு வேகமாக முற்றும் என்பதைச் சொல்வதில் அந்த 420-க்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கிரியாட்டினினை மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்யக்கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1.4 என்பது 40 வயது ஆணுக்கு ஓரளவு பரவாயில்லை. அதே 1.4 ஒல்லியான 70 வயதுப் பாட்டிக்கு என்றால் ஈஜிஎஃப்ஆர் 40 பக்கம் வந்துவிடும். மருந்துச்சீட்டு எழுதும் ஒவ்வொரு முறையும் அந்த எண் டாக்டரின் கண்முன் இருக்க வேண்டும்.

அப்புறம் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கிட்னி பழுதான சுகர் நோயாளிக்கு என்னைப் பொறுத்தவரை உடனடி ஆபத்து 220 என்று ஏறும் சர்க்கரை இல்லை, இரவில் 45-க்கு இறங்கும் சர்க்கரைதான். காரணம் மூன்று. நாம் எடுக்கும் பல மருந்துகள் சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகின்றன, வடிகட்டி பழுதானால் அவை உடம்பிலேயே தங்கிவிடும். உடலில் சுரக்கும் இன்சுலினையும் ஊசியில் போடும் இன்சுலினையும் உடைத்து அழிப்பதில் சிறுநீரகத்துக்குப் பெரிய வேலை உண்டு. அது நின்றால் பழைய இன்சுலினே கூடுதல் நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். மூன்றாவது பலருக்கும் தெரியாதது: பட்டினி கிடக்கும்போது கல்லீரலைப்போலச் சிறுநீரகமும் சர்க்கரையை உற்பத்தி செய்து ரத்தத்துக்குக் கொடுக்கிறது. நோய் முற்றினால் அந்த உற்பத்தியும் குறைந்துவிடும். அதனால்தான் "பத்து வருஷமா இறங்காத சுகர் இப்ப தானா நல்லாயிடுச்சு டாக்டர்" என்று யாராவது சந்தோஷமாக வந்து சொன்னால், நான் முதலில் எழுதுவது கிரியாட்டினின் டெஸ்ட்.

இந்த இடத்தில்தான் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் சிக்கலாகின்றன. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மருந்துகள் இவை. ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் தட்டிக்கொண்டே இருக்கும். இந்தக் குடும்பத்தில் மிக மோசமானது கிளிபென்கிளமைடு, டயோனில் என்ற பெயரில் நம் தாத்தா பாட்டி காலத்திலிருந்து இருக்கிறது. அது கல்லீரலில் உடைந்தபிறகும் அதன் துண்டுகள் சர்க்கரையைக் குறைக்கும் சக்தியோடு இருக்கும், அந்தத் துண்டுகள் சிறுநீர் வழியாகத்தான் போக வேண்டும். வயதான அம்மா ஒருவரைக் காலையில் எழுப்ப முடியவில்லை என்று தூக்கிவந்தார்கள். இரண்டு நாளாக வாந்தி, சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுத்திருக்கிறார்கள். குளுக்கோமீட்டரில் 34. குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடங்களில் கண்ணைத் திறந்து மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டுக்கு அழைத்துப்போகலாமா என்று கேட்டார்கள். நான் விடவில்லை. அன்று சாயங்காலமே மறுபடியும் 50-க்கு இறங்கியது. கிட்னி பழுதானவர்களுக்கு இந்த மாத்திரையால் வரும் லோ சுகர் ஒரு முறை ஏற்றினால் தீர்ந்துவிடாது, ஒன்றிரண்டு நாள்கூட நீடிக்கும். அதனால் இப்படி ஆனால் வீட்டில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து எழுப்பிவிட்டோம் என்று நின்றுவிடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கிளிமிபிரைடு அந்த அளவுக்கு மோசமில்லை. ஆனால் அதற்கும் வேலை செய்யும் துண்டு ஒன்று உண்டு, அதுவும் கிட்னி வழியாகத்தான் வெளியேறும். உங்கள் அப்பா ஒரு நாளைக்கு 4 மி.கி. எடுத்துக்கொண்டிருந்தார். ஈஜிஎஃப்ஆர் 39-ல் அதை நிறுத்தியது நல்ல முடிவு. செலவு காரணமாக இந்தக் குடும்பத்திலிருந்தே ஒன்று வேண்டும் என்றால் கிளிபிசைடு அல்லது கிளிக்ளசைடு பாதுகாப்பானவை. இவை உடைந்தபின் சக்தியில்லாத துண்டுகளாகத்தான் ஆகின்றன. குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். 30-க்குக் கீழே கிளிக்ளசைடையும் விட்டுவிடுவது நல்லது. இன்னொன்று: இந்த மாத்திரைகளை எடுப்பவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்கு கோட்ரைமாக்சசோல், லெவோஃப்ளாக்சசின், பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளுகோனசோல் போன்றவற்றை எழுதினால் லோ சுகர் வரும் வாய்ப்பு கூடும். வேறு டாக்டரிடம் போகும்போது சுகர் மாத்திரையின் பெயரையும் சொல்லச் சொல்லுங்கள்.

லோ சுகர் என்றால் 70-க்குக் கீழே. படபடப்பு, வியர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழறல். மெட்டோப்ரோலால், அடினோலால் போன்ற இதய மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் தெரியும். உடனே மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. நம் வீடுகளில் கைக்கு முதலில் கிடைப்பது இளநீரும் ஆரஞ்சு ஜூஸும். கிட்னி நோயாளிக்கு அவை வேண்டாம், பொட்டாசியம் ஏறிவிடும். வோக்ளிபோஸ், அகார்போஸ் எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. அந்த மாத்திரைகள் சாதாரணச் சர்க்கரையைக் குடலில் உடையவிடாமல் தடுப்பவை, அதனால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் ஏறுவதற்கு நேரமாகும். அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான். ஒரு டப்பா வாங்கி வீட்டில் வையுங்கள்.

மருந்து அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் சுகர் மாத்திரைகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்துகள் சேர்ந்த கலவைகளாகத்தான் வருகின்றன. மேலே பெரிய எழுத்தில் ஒரு பிராண்டு பெயர், பக்கத்தில் எம் 1, எம் 2 என்று ஒரு வால். உள்ளே என்ன இருக்கிறது என்பது அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில்தான் இருக்கும். புதிய மருந்து வந்தபிறகும் "மிச்சம் இருக்கிறதை வீணாக்குவானேன்" என்று பழைய அட்டையையும் சேர்த்துப் போடுபவர்கள் நிறைய. அப்படிப் போட்டால் நிறுத்திய கிளிமிபிரைடு உள்ளேயே இருக்கும், மெட்ஃபார்மின் 500-ம் 1000-மும் சேர்ந்துவிடும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மேசையில் கொட்டி, பின்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்று எழுதியிருப்பதை எடுத்து ஒதுக்கிவிடுங்கள். கிட்னி நிலை மாறிக்கொண்டே இருப்பவர்களுக்குக் கலவை மாத்திரையே வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்றின் அளவைக் குறைக்க நினைத்தால் மற்றதும் சேர்ந்து குறைகிறது. தனித்தனியாக இருந்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் கட்டுப்பாடு நம் கையில் இருக்கும்.

இனி மெட்ஃபார்மின். இது உடலில் உடைவதே இல்லை. போன மாதிரியே முழுசாகச் சிறுநீரில் வெளியேறும். கிட்னி வெகுவாகக் குறைந்தவர்களுக்கு அது ரத்தத்தில் தேங்கி, லாக்டிக் அமிலம் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். அபூர்வமானது, ஆனால் வந்தால் கொடியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் என்ற மருந்து இந்தக் காரணத்தால்தான் 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தப் பயம் மெட்ஃபார்மின் மீதும் பல காலம் இருந்தது. ஆணுக்கு கிரியாட்டினின் 1.5, பெண்ணுக்கு 1.4 வந்தாலே நிறுத்து என்பார்கள். 2016-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அந்தக் கணக்கை மாற்றி ஈஜிஎஃப்ஆர் அடிப்படையில் விதி வகுத்தது. 30-க்குக் கீழே போனால் கூடவே கூடாது, 30 முதல் 45-க்குள் இருப்பவருக்குப் புதிதாகத் தொடங்க வேண்டாம், ஏற்கெனவே எடுப்பவர் 45-க்குக் கீழே வந்தால் லாப நட்டம் பார்த்து முடிவெடுக்க வேண்டும். அப்படித் தொடர்ந்தால் அதிகபட்ச அளவில் பாதி, அதாவது நாளைக்கு 1000 மி.கி. உங்கள் டாக்டர் 2000-த்தை 1000 ஆக்கியது இந்தக் கணக்கில்தான். ஆக, மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுக்கிறது என்பதற்காக அளவைக் குறைக்கவில்லை, கெட்ட கிட்னியால் அதை வெளியேற்ற முடியவில்லை என்பதற்காகக் குறைத்திருக்கிறார். வீட்டில் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்லுங்கள்.

15 வருடம் மெட்ஃபார்மின் எடுத்தவருக்கு வைட்டமின் பி12 குறைந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாதம் மரத்துப்போவதைச் சுகரால் வந்தது என்றே விட்டுவிடுவார்கள். ஒரு முறை பி12 பார்த்துவிடச் சொல்லுங்கள். சிடி ஸ்கேனுக்கோ ஆஞ்சியோவுக்கோ சாயம் ஏற்றப்போகிறார்கள் என்றால், மெட்ஃபார்மின் எடுக்கிறார், ஈஜிஎஃப்ஆர் இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். நிறுத்தச் சொன்னால், 48 மணி நேரம் கழித்துக் கிரியாட்டினின் பார்த்தபிறகே மறுபடி தொடங்குவார்கள்.

அடுத்தது டபாக்ளிஃப்ளோசின். உங்கள் பயமெல்லாம் இதைச் சுற்றித்தான். என் மனதில் இந்தச் சீட்டில் உள்ள மாத்திரைகளில் விட்டுவிடவே கூடாதது இதுதான்.

நல்ல சிறுநீரகம் ஒரு நாளில் சுமார் 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, அத்தனையையும் திரும்ப ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுப்பதில் பெரும்பங்கைச் செய்வது எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் மூன்றும் அதை அடைத்துவிடுகின்றன. சர்க்கரையும் கூடவே உப்பும் சிறுநீரில் போகும். சுகரைக் குறைக்கத்தான் இந்த மருந்து வந்தது. ஆனால் ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே அது சுகரைக் குறைப்பது கொஞ்சம்தான். அப்படியானால் ஏன் கொடுக்கிறோம்? கிட்னிக்காக. சுகர் நோயாளியின் வடிகட்டிகளில் ரத்தம் அளவுக்கு மீறிய அழுத்தத்தில் பாய்கிறது. இந்த மாத்திரை போட்டதும் கூடுதல் உப்பு சிறுநீரகக் குழாயின் ஓர் உணர்விடத்தை எட்டுகிறது. உடனே வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழல் கொஞ்சம் சுருங்கி, உள்ளே அழுத்தம் குறைகிறது. அளவுக்கு மீறி ஓடிய மோட்டாரை வழக்கமான வேகத்துக்குக் கொண்டுவந்தால் அந்த நேரத்துக்குத் தண்ணீர் குறைவாகத்தான் வரும், ஆனால் மோட்டார் பல வருடம் தாங்கும்.

அப்பாவின் 1.9 இப்போது 2.1 ஆனது அதனால்தான் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஈஜிஎஃப்ஆர் 39-லிருந்து 35 பக்கம் இறங்கியிருக்கிறது, சுமார் பத்து சதவீதம். முதல் சில வாரங்களில் இப்படி இறங்கி, அப்புறம் நிலைக்கும். அதன்பிறகு மாத்திரை எடுக்காதவர்களைவிட மெதுவாகத்தான் குறையும். 30 சதவீதத்துக்கு மேல் இறங்கினால்தான் யோசிக்க வேண்டும்: உடலில் நீர் குறைந்துவிட்டதா, நீர் மாத்திரை அதிகமா, வலி மாத்திரை ஏதாவது எடுத்தாரா என்று. இந்தச் சின்ன இறக்கத்தைப் பார்த்துப் பயந்து மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அடிக்கடி காணும் இழப்பு. நோயாளியோ வீட்டாரோ நிறுத்திவிடுகிறார்கள். கிரியாட்டினின் கொஞ்சம் இறங்குகிறது, "பார்த்தீர்களா, மாத்திரைதான் காரணம்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அழுத்தம் மறுபடி ஏறியதன் விளைவு அது. இரண்டு மூன்று வருடத்தில் அதற்கான விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இது வெறும் கோட்பாடு இல்லை. 2019-ல் கிரெடென்ஸ் என்ற ஆய்வு வெளியானது. சுகரும் ஆல்புமினும் உள்ள 4401 பேரில் கானாக்ளிஃப்ளோசின் சிறுநீரகச் செயலிழப்பு உள்ளிட்ட விளைவுகளை 30 சதவீதம் குறைத்தது. நல்ல பலன் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே முடித்தார்கள். 2020-ல் டபா-சிகேடி. 4304 பேர், அதில் மூன்றில் ஒரு பங்கினருக்குச் சுகரே கிடையாது. கிட்னி பாதியாகக் குறைதல், டயாலிசிஸ் நிலை, கிட்னியாலோ இதயத்தாலோ மரணம், இவற்றில் ஒன்று வந்தவர்கள் வெற்று மாத்திரை எடுத்தோரில் 100-க்கு 14.5 பேர், டபாக்ளிஃப்ளோசின் எடுத்தோரில் 9.2 பேர். அதுவும் சராசரியாக இரண்டரை வருடத்துக்கும் குறைவான காலத்தில். 2023-ல் அச்சான எம்பா-கிட்னி ஆய்வு ஈஜிஎஃப்ஆர் 20 வரை உள்ளவர்களையும் சேர்த்து, பலன் அவர்களுக்கும் உண்டு என்று காட்டியது. சிறுநீரக மருத்துவத்தின் சர்வதேச வழிகாட்டி அமைப்பான கேடிகோவும் 2022-ல், ஈஜிஎஃப்ஆர் 20-க்கு மேல் இருந்தால் தொடங்கலாம், தொடங்கியபின் அதற்குக் கீழே போனாலும் டயாலிசிஸ் வரை தொடரலாம் என்று எழுதியது. விலையும் இப்போது பெரிய தடை இல்லை. டபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020 அக்டோபரிலும், எம்பாக்ளிஃப்ளோசினுடையது 2025 மார்ச்சிலும் முடிந்து, பல நிறுவனங்கள் குறைந்த விலையில் விற்கின்றன.

இதற்கும் பக்கவிளைவுகள் உண்டு, மறைக்க மாட்டேன். சிறுநீரில் சர்க்கரை போவதால் பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். ஒவ்வொரு முறையும் தண்ணீரால் கழுவி உலர்த்தினால் பெரும்பாலும் தவிர்க்கலாம், வந்தாலும் களிம்பில் சரியாகிவிடும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுபவர்கள் உண்டு, அப்பாவிடம் முன்பே சொல்லிவையுங்கள். யூரின் டெஸ்ட் எடுத்தால் சர்க்கரைக்கு நேரே நான்கு பிளஸ் போட்டு வரும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம் அது, பயப்பட ஒன்றுமில்லை. அபூர்வமானது, ஆனால் தெரிந்தே இருக்க வேண்டியது கீட்டோஅசிடோசிஸ், அதாவது ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் ஆபத்தான அளவுக்குக் கூடிவிடுவது. வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு. அப்போது சுகர் 180 மட்டுமே காட்டலாம், அதனால் சுகர் சரியாகத்தானே இருக்கிறது என்று ஏமாந்துவிடுவார்கள். விரதம், நோன்பு என்று நீண்ட நேரம் பட்டினி இருக்கப்போகிறார் என்றால் முன்பே டாக்டரிடம் கேளுங்கள். அறுவைச் சிகிச்சை என்றால் மூன்று நாள் முன்பே இதை நிறுத்திவைக்க வேண்டும். காலில் ஆறாத புண் இருந்தால் தொடங்கும் முன்பே காட்டிவிட வேண்டும்.

மூன்றாவது மாத்திரை லினாக்ளிப்டின். கிளிப்டின்கள் எல்லாம் சாந்தமான மருந்துகள். சர்க்கரை ஏறும்போது மட்டும் இன்சுலினைத் தூண்டும், தனியாக எடுத்தால் லோ சுகர் அரிது. கிட்னியைக் காப்பாற்றும் சக்தி இவற்றுக்கு இல்லை, கெடுக்கவும் செய்யாது. 2018-ல் வந்த கார்மெலினா ஆய்வு லினாக்ளிப்டினுக்கு அதைத்தான் காட்டியது. இவற்றுக்குள் வித்தியாசம் அளவில்தான். லினாக்ளிப்டின் பெரும்பாலும் பித்தநீர் வழியாக மலத்தில் போய்விடுவதால் எந்த நிலையிலும் அதே 5 மி.கி. நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் டெனெலிக்ளிப்டினுக்கும் அளவைக் குறைக்கத் தேவையில்லை. சிடாக்ளிப்டின் 100 என்பது ஈஜிஎஃப்ஆர் 45-க்குக் கீழே 50, 30-க்குக் கீழே 25. வில்டாக்ளிப்டின் இரண்டு வேளை 50 என்பதை ஒரு வேளையாக்க வேண்டும். சாக்ஸாக்ளிப்டின் மட்டும் வேண்டாம் என்பேன். 2013-ல் வந்த பெரிய ஆய்வில் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவது கூடியது, கிட்னி நோயாளிக்கு ஏற்கெனவே அந்த ஆபத்து அதிகம்.

மற்ற மாத்திரைகள் சுருக்கமாக. பயோகிளிடசோன் கிட்னிக்கு அளவு மாற்றம் தேவையில்லாதது, ஆனால் உடலில் நீரைத் தேக்கும். கால் வீக்கமோ இதயப் பலவீனமோ உள்ளவருக்குக் கூடாது. வோக்ளிபோஸ், அகார்போஸ் இரண்டும் கிரியாட்டினின் 2-ஐத் தாண்டியவருக்குத் தவிர்க்கப்பட வேண்டியவை. ரெபாக்ளினைடு கல்லீரலில் உடைவது, சாப்பாட்டோடு சிறு அளவில் கொடுக்கலாம், சாப்பிடாவிட்டால் மாத்திரையும் வேண்டாம். ஆனால் இதயத்துக்கு குளோபிடோக்ரெல் எடுப்பவருக்கு அது ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். மாத்திரையாக வரும் செமாக்ளூடைடுக்கும் கிட்னிக்காக அளவைக் குறைக்க வேண்டாம். இதே மருந்தின் ஊசி வடிவம் கிட்னியைப் பாதுகாப்பதை 2024-ல் ஃப்ளோ ஆய்வு காட்டியது. உடல் பருமனானவருக்கு நல்ல தேர்வு. காலையில் வெறும் வயிற்றில் அரை டம்ளருக்கு மிகாத தண்ணீரோடு எடுத்து, அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் இருக்க வேண்டும். குமட்டலும் வாந்தியும் வந்து நீர் வற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூலிகைப் பொடிகளைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் அடுத்ததாக யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். சுகருக்கு என்று விற்ற பொடிகளில் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறது. மேலே சொன்ன அந்த அம்மாவின் கதைதான் அதிலும் நடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதுவும் வேண்டாம்.

சுகர் எவ்வளவு இருக்க வேண்டும்? அப்பாவின் வயதுக்கும் நிலைக்கும் எச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் டெஸ்ட்) 7-க்கும் 7.5-க்கும் இடையில் இருந்தால் நான் திருப்தி அடைவேன். லோ சுகர் வருகிறது என்றால் 8 வரைகூட விடலாம். கிட்னி முற்ற முற்ற இந்த டெஸ்டை அப்படியே நம்பவும் முடியாது. ரத்தசோகை வரும், சிவப்பணுக்களின் ஆயுள் குறையும், அதற்கான ஊசி போடுவார்கள், ரத்தம் ஏற்றுவார்கள். இவற்றால் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதனால் வீட்டுக் குளுக்கோமீட்டரில் காலை வெறும் வயிற்றிலும் சாப்பாட்டுக்கு அப்புறமும் வாரம் சில நாள் பார்த்து எழுதிவையுங்கள். புதிய மாத்திரைகளில் வெறும் வயிற்றுச் சுகர் முன்பைவிட 20, 30 கூடுதலாக வரலாம். கிளிமிபிரைடு போனதால் அப்படித்தான் இருக்கும். உடனே அதைத் திரும்பக் கேட்காதீர்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, கடும் காய்ச்சல், சாப்பிட முடியாத நாள் என்று வந்தால் என்ன செய்வது என்பதை இன்றைக்கே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிவையுங்கள். பொதுவாக அந்த நாட்களில் மெட்ஃபார்மின், டபாக்ளிஃப்ளோசின், டெல்மிசார்டன், நீர் மாத்திரை இருந்தால் அது, இவற்றை நிறுத்திவைத்து, நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து ஒன்றிரண்டு நாளில் மறுபடி தொடங்கச் சொல்வோம். லினாக்ளிப்டினைத் தொடரலாம். ஓரிரு நாளில் சரியாகாவிட்டால் காத்திருக்காமல் போய்க் காட்ட வேண்டும். மற்ற நாட்களில் டெல்மிசார்டனைத் தவறவிடக்கூடாது, அந்த 420-ஐக் குறைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. இதற்குப் பிறகும் ஆல்புமின் குறையாவிட்டால் ஃபினெரினோன் என்ற மாத்திரையை டாக்டர் சேர்க்கக்கூடும். அது சுகருக்கான மாத்திரை இல்லை, பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்தே கொடுப்பார்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: மூன்று மாத்திரைகளும் தொடரட்டும். இன்னும் ஒரு மாதத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பாருங்கள். 2.1-ஐ ஒட்டி நின்றால் நிம்மதியாக இருக்கலாம், 2.5-ஐத் தாண்டினால் உடனே டாக்டரிடம் போங்கள். மூன்று மாதத்தில் ஆல்புமினையும் சேர்த்துப் பாருங்கள். எப்போதாவது ஈஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே போய் அங்கேயே நின்றால் மெட்ஃபார்மினை நிறுத்த வேண்டியிருக்கும், மற்ற இரண்டும் அதே அளவில் தொடரும். அந்த நிலையில் சுகர் ஏறினால் சிறிய அளவு இன்சுலின் சேர்ப்பார்கள், அதற்கு மறுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.